கோடைக்கு ஒரு கல்கி



சென்ற இதழில் மேல்நிலைத் தொட்டி சுத்தம் செய்வதைப் பற்றியும் பராமரிப்புக் கட்டணக் கணக்கைப் பற்றியும் எழுதியிருந்தேன். இந்த முறை கணக்கு வேண்டாம், வேறு ஏதாவது எழுதுங்கள் சார் என்று செயலாளர் சொல்லிவிட்டார். பள்ளிகளுக்கு விடுமுறை. மதியம் பன்னிரண்டு மணிக்கு மேல் வன்னியம்பட்டி வெயிலில் ஒரு காக்கையைக்கூடப் பார்க்க முடியவில்லை. பிள்ளைகள் எல்லாம் வீட்டுக்குள் போனும் கையுமாக இருக்கிறார்கள். எனவே வாசிப்பைப் பற்றியே எழுதலாம் என்று உட்கார்ந்தேன்.

போன மாதம் ஊருக்கு வந்திருந்த என் மகள், ஆங்கிலத்தில் காதல் நாவல்கள் எழுதும் ஓர் அம்மையாரின் பேட்டியை எனக்கு வாசித்துக் காட்டினாள். அவரிடம் கேட்ட கேள்விகள் மூன்று. கோடை விடுமுறையில் என்ன படிப்பீர்கள்? கதை நடப்பதற்கு எந்த இடம் உங்களுக்குப் பிடிக்கும்? எந்த ஒயினை ருசித்துக் குடிப்பீர்கள்? நம் ஊரில் காதல் கதை எழுதியவர் யாரிடமாவது இப்படிக் கேட்டிருந்தால் என்ன சொல்லியிருப்பார்கள் என்று மகள் கேட்டாள். எனக்கு உடனே கல்கி நினைவுதான் வந்தது. முதல் இரண்டு கேள்விகளுக்கு அவரிடம் மணிக்கணக்கில் பதில் இருந்திருக்கும். மூன்றாவது கேள்விதான் அவரிடம் கேட்கக்கூடாத கேள்வி. ஏன் என்பதைப் பின்னால் சொல்கிறேன்.

கணக்குப்பிள்ளை வீட்டுப் பிள்ளை

ரா. கிருஷ்ணமூர்த்தி 1899ஆம் ஆண்டு செப்டம்பர் 9ஆம் தேதி பிறந்தார். ஊர் அன்றைய தஞ்சை மாவட்டத்தில் மாயவரத்துக்கு அருகே உள்ள புத்தமங்கலம். தகப்பனார் ராமசாமி ஐயர் அந்தக் கிராமத்துக் கணக்குப்பிள்ளை. முப்பத்தாறு வருஷம் லெட்ஜர் எழுதிய எனக்கு இந்த ஒரு தகவலில் தனி சந்தோஷம். காவிரிப் பாசன ஊர், சுற்றிலும் வாய்க்கால், மூங்கில், கோயில் குளம். பிற்காலத்தில் அவர் எழுதிய கதைகளில் தண்ணீர் ஓடிக்கொண்டே இருப்பதற்கு அந்த ஊர்தான் காரணம் என்று நினைக்கிறேன். நம்மைப் போல லாரித் தண்ணீருக்குக் காத்திருந்து வளர்ந்தவர் இல்லை.

மாயவரத்திலும் பிறகு திருச்சியிலும் படித்தார். 1921இல் காந்தியடிகளின் ஒத்துழையாமை இயக்கம் சூடுபிடித்திருந்தது. பள்ளி இறுதித் தேர்வு நெருங்கிய நேரத்தில் படிப்பை விட்டுவிட்டு இயக்கத்தில் சேர்ந்தார். மறு ஆண்டு ஒரு வருடச் சிறை. இன்று நம் பிளாக்கில் ஒரு பையன் பத்தாம் வகுப்புப் பரீட்சைக்கு முன் இப்படிச் செய்தால் வீடு என்ன பாடுபடும் என்று யோசித்துப் பாருங்கள். சர்டிபிகேட் இல்லை, சொத்து இல்லை, ஜெயிலுக்குப் போய் வந்தவர் என்ற பெயர் மட்டும் உண்டு.

1923இல் சென்னையில் திரு.வி.க. நடத்திய நவசக்தி பத்திரிகையில் துணை ஆசிரியர் வேலை கிடைத்தது. அடுத்த ஆண்டு ருக்மணி அம்மாளுடன் திருமணம். காந்தியின் சுயசரிதையைத் தமிழில் மொழிபெயர்த்தார். 1927இல் சாரதையின் தந்திரம் என்ற முதல் சிறுகதைத் தொகுதி வெளிவந்தது. ஒரு வேலை, ஒரு குடும்பம், ஒரு புத்தகம் என்று வாழ்க்கை நிலைக்கு வந்த நேரம். 1928இல் அந்த வேலையையும் விட்டார்.

மூன்றாவது கேள்விக்குப் பதில்

நவசக்தியை விட்டு அவர் போய்ச் சேர்ந்த இடம் திருச்செங்கோட்டுக்குப் பக்கத்தில் ராஜாஜி 1925இல் தொடங்கியிருந்த காந்தி ஆசிரமம். அங்கே இரண்டு வேலைகள் முக்கியம். ஒன்று கதர், மற்றொன்று மதுவிலக்கு. குடியின் கேட்டை மக்களுக்குச் சொல்வதற்கென்றே ராஜாஜி விமோசனம் என்று ஒரு பத்திரிகையை 1929இல் தொடங்கினார். அதை நடத்துவதில் அவருக்கு உதவியாக இருந்தவர் கிருஷ்ணமூர்த்தி.

கள்ளுக்கடைக்குப் போகிறவனைப் பத்திரிகை படிக்க வைப்பது சாதாரண வேலையா? உபதேசம் எழுதினால் படிக்க மாட்டான். புள்ளிவிவரம் போட்டால் பக்கத்தைத் திருப்பிவிடுவான். கதை வேண்டும், சிரிப்பு வேண்டும், பேசுகிற மாதிரித் தமிழ் வேண்டும். எழுத்துத் தெரியாதவனுக்கு இன்னொருவர் வாசித்துக் காட்டினாலும் புரிய வேண்டும். பின்னாளில் லட்சக்கணக்கானவர்களைக் கட்டிப்போட்ட கல்கியின் எளிய நடைக்கு நல்ல பயிற்சிக் களம் அந்த ஆசிரமத்து மேஜைதான் என்பது என் எண்ணம்.

1930இல் உப்புச் சத்தியாக்கிரகத்தின்போது மீண்டும் சிறை, ஆறு மாதம். ராஜாஜி சென்னை மாகாணப் பிரதமரானதும் 1937 அக்டோபர் 1ஆம் தேதி சேலம் மாவட்டத்தில் மதுவிலக்கைக் கொண்டுவந்தார். 1948இல் அது மாகாணம் முழுவதற்கும் வந்தது. கல்கி தம் எழுத்தால் கடைசிவரை அந்தக் கொள்கையின் பக்கமே நின்றார். எந்த ஒயின் பிடிக்கும் என்ற கேள்வியை அவரிடம் ஏன் கேட்க முடியாது என்று இப்போது புரிந்திருக்கும்.

இதை எழுதி நம் குடியிருப்பில் யாருடைய டம்ளரையும் எட்டிப் பார்க்கும் நோக்கம் எனக்கு இல்லை. ஆனால் எனக்கு இது வெறும் சரித்திரமும் இல்லை. 1971இல் தமிழ்நாட்டில் மதுவிலக்கைத் தளர்த்தியபோது எனக்குப் பத்து வயது. ராஜபாளையத்தில் பஞ்சாலைத் தொழிலாளியாக இருந்த என் அப்பா அதுவரை வேலை விட்டால் நேரே வீட்டுக்கு வருகிறவர். கடைகள் திறந்த பிறகு சம்பள நாளில் வருவதற்கு இரவு பத்து ஆயிற்று, பிறகு எல்லா நாளும் அப்படியே ஆயிற்று.

அம்மா ஐந்தாம் வகுப்பு வரை படித்தவள். எங்கள் தெருவில் இருந்த டீச்சரம்மா ஒருவர் கல்கி பத்திரிகையில் வந்த பொன்னியின் செல்வன் பக்கங்களைக் கிழித்துச் சேர்த்து பைண்டு செய்து வைத்திருந்தார். அதை ஒவ்வொன்றாக வாங்கிவந்து, விளக்கு வைத்த பிறகு அம்மா எங்களுக்கு எழுத்துக்கூட்டாத குறையாக வாசித்துக் காட்டுவாள். ஒருநாள் சீக்கிரம் வந்த அப்பா திண்ணையில் இருந்தபடியே கேட்டார். மறுநாளும் வந்தார். கடலில் வந்தியத்தேவன் இருக்கும் கப்பல் புயலில் சிக்கி, இடி விழுந்து தீப்பிடிக்கும் இடம் வந்தது. அம்மா அந்த இடத்தில் மண்ணெண்ணெய் இல்லை என்று புத்தகத்தை மூடிவிட்டாள். மறுநாள் சம்பள நாள். அப்பா ஆறு மணிக்கெல்லாம் வீட்டில் இருந்தார், கையில் மண்ணெண்ணெய் பாட்டிலோடு.

அதோடு அப்பா குடியை விட்டுவிட்டார் என்று எழுத எனக்கும் ஆசைதான். அப்படி நடக்கவில்லை. 1974இல் கடைகளை மூடிய பிறகுதான் அவர் ஓரளவு தெளிந்தார். ஆனால் அந்த ஐந்து பாகமும் முடிய ஏழெட்டு மாதம் ஆயிற்று. அந்த மாதங்களில் பல மாலைகள் அப்பா எங்களோடு இருந்தார். எங்களுக்கு அப்பா என்று நினைவில் இருப்பது பெரும்பாலும் அந்த மாலைகள்தான். திருச்செங்கோட்டில் உட்கார்ந்து குடிக்கு எதிராக எழுதிய மனிதரின் கதை, அவர் இறந்து பதினேழு வருஷம் கழித்து ராஜபாளையத்துத் திண்ணையில் அந்த வேலையைக் கொஞ்சமாவது செய்தது.

விகடனில் பத்து வருஷம்

சிறையிலிருந்து வந்தபின் 1931இல் எஸ்.எஸ். வாசனின் ஆனந்த விகடனில் சேர்ந்து அதன் ஆசிரியரானார். கல்கி என்ற பெயர் வீட்டுக்கு வீடு தெரிந்தது அங்கேதான். தலையங்கம், நகைச்சுவைக் கட்டுரை, சிறுகதை எல்லாம் எழுதினார். கர்நாடகம் என்ற புனைபெயரில் பாட்டுக் கச்சேரிகளுக்கு விமர்சனமும் எழுதினார். வித்வான்கள் அந்தப் பக்கத்தைப் பயத்தோடு புரட்டுவார்களாம்.

1937இல் கள்வனின் காதலி தொடராக வந்தது. கொள்ளிடக் கரை நாணல் காட்டில் ஒளிந்து திரியும் முத்தையன் என்ற திருடனும் அவன்மேல் உயிரையே வைத்திருக்கும் கல்யாணியும் அந்தக் கதையின் காதலர்கள். ராஜா ராணி இல்லை. நல்லவனாக இருந்த ஒருவனை ஊரும் காவலும் சேர்ந்து எப்படித் திருடனாக்கின என்பதுதான் கதை. அடுத்து தியாகபூமி. டைரக்டர் கே. சுப்ரமண்யம் அதைப் படமாக எடுத்தார். படத்தின் புகைப்படங்களோடு கதை விகடனில் வந்தது. 1939இல் வெளியான அந்தப் படத்தை வெள்ளைக்காரர் அரசாங்கம் பின்னர் தடை செய்தது.

நல்ல சம்பளம், நாடறிந்த பெயர். 1941இல் தனிநபர் சத்தியாக்கிரகத்தில் கலந்துகொள்வதற்காக அந்த வேலையையும் விட்டார். மூன்று மாதச் சிறை. கூட்டிப் பார்த்தால் படிப்பை ஒரு தடவையும் வேலையை இரண்டு தடவையும் துறந்திருக்கிறார். ஒரு பிரமோஷனை வேண்டாம் என்று எழுதிக் கொடுப்பதற்கே நாங்கள் பாங்கில் ஒரு மாதம் யோசிப்போம்.

வெளியே வந்ததும் நண்பர் டி. சதாசிவத்துடன் சேர்ந்து சொந்தப் பத்திரிகை தொடங்கினார். 1941 ஆகஸ்டில் கல்கி முதல் இதழ் வந்தது. அதற்கு முதல் எங்கிருந்து வந்தது தெரியுமா? சதாசிவத்தின் மனைவி எம்.எஸ். சுப்புலட்சுமி சாவித்திரி படத்தில் நாரதராக ஆண் வேடம் போட்டு நடித்தார். அந்தச் சம்பளம்தான் பத்திரிகைக்கு ஆதாரம். 1945இல் எம்.எஸ். நடித்த மீரா படத்துக்குக் கல்கி எழுதிய காற்றினிலே வரும் கீதம் பாட்டை நம் அசோசியேஷன் பொங்கல் விழாவில் இன்றும் பாடுகிறோம்.

பிடித்த இடங்கள், பிடித்த வாசிப்பு

இனி மகள் சொன்ன மற்ற இரண்டு கேள்விகளுக்கு வருகிறேன்.

சரித்திரத்தையும் காதலையும் கலந்து எழுதும் வகையை ஐரோப்பாவில் பிரபலமாக்கியவர்கள் ஸ்காட்லாந்தின் வால்டர் ஸ்காட்டும் பிரான்சின் அலெக்சாண்டர் டூமாவும். டூமாவின் கதைகளும் பத்திரிகைத் தொடர்களாக வந்தவைதான். அந்த வழியைத் தமிழில் பெருவழியாக்கியவர் கல்கி. பார்த்திபன் கனவு, சிவகாமியின் சபதம், பொன்னியின் செல்வன் என்று மூன்று பெரிய சரித்திர நாவல்கள் எழுதினார்.

அவருடைய வாசிப்பு கதைப் புத்தகங்களோடு நிற்கவில்லை. நீலகண்ட சாஸ்திரியாரும் சதாசிவ பண்டாரத்தாரும் எழுதிய சோழர் வரலாறுகளைப் படித்தார். அன்பில் செப்பேடு, திருவாலங்காட்டுச் செப்பேடு, ஆதித்த கரிகாலனின் கொலையாளிகளைப் பற்றிய உடையார்குடிக் கல்வெட்டு எல்லாம் அவருக்குக் கதைச் சரக்கு. வவுச்சர் இல்லாமல் என்ட்ரி போடாத மனிதர் என்று சொல்லலாம். ஆதாரம் கிடைக்காத இடத்தில் மட்டும் கற்பனையை ஓடவிட்டார்.

கதைக்கு இடம் வேண்டுமென்றால் நேரில் போய்ப் பார்ப்பார். மாமல்லபுரம் கடற்கரையில் ஒரு நிலாக் காலத்தில் ரசிகமணி டி.கே. சிதம்பரநாத முதலியாரோடு உட்கார்ந்திருந்தபோதுதான் சிவகாமியின் சபதத்துக்கு விதை விழுந்தது. அந்தக் கதையில் அழியாத அஜந்தா வர்ணத்தின் ரகசியத்தைத் தேடி ஆயனச் சிற்பி ஏங்குவதைப் படித்தவர்கள் மறக்க மாட்டார்கள். பொன்னியின் செல்வனுக்காக ஓவியர் மணியத்துடன் இலங்கைக்குப் போய்வந்தார். ஆடிப்பெருக்கு நாளில் வீரநாராயண ஏரிக்கரையில் குதிரையில் வருகிறானே வந்தியத்தேவன், அந்த ஏரிதான் இன்று சென்னைக்குக் குடிநீர் அனுப்பும் வீராணம்.

தஞ்சாவூர்க்காரர் என்றாலும் நம் பக்கமும் அவருக்கு அந்நியம் இல்லை. ரசிகமணி இருந்த குற்றாலத்துக்குக் கல்கி பலமுறை வந்திருக்கிறார். நாம் சீசனுக்கு ராஜபாளையத்திலிருந்து தென்காசி வழியாக அருவியில் குளித்துவிட்டு அல்வா வாங்கிக்கொண்டு திரும்புகிறோமே, அதே குற்றாலம்தான். கம்பனைப் பற்றிப் பேசிக்கொண்டே பொழுதைப் போக்கும் நண்பர் கூட்டம் ரசிகமணியைச் சுற்றி இருந்தது. கல்கியின் கோடைக்கால வாசிப்பு என்று எதையாவது சொல்வதானால், அங்கே ரசிகமணி சொல்லச் சொல்லக் கேட்ட கம்பனைத்தான் சொல்வேன்.

கோவில்பட்டியைத் தாண்டினால் எட்டயபுரம். அங்கே பாரதி பிறந்த ஊரில் ஒரு நினைவு மண்டபம் வேண்டும் என்று தம் பத்திரிகையில் எழுதி நிதி திரட்டினார் கல்கி. சாதாரண வாசகர்கள் தங்களால் முடிந்த சிறு தொகைகளை மணியார்டரில் அனுப்பினார்கள். 1945இல் அடிக்கல் நாட்டி, 1947 அக்டோபரில் திறப்பு விழா நடந்தது. திறந்து வைத்தவர் அப்போது மேற்கு வங்காள கவர்னராக இருந்த ராஜாஜி. அடுத்த முறை திருச்செந்தூருக்குக் காரில் போகிறவர்கள் அரை மணி நேரம் ஒதுக்கி அதைப் பார்த்துவிட்டுப் போகலாம்.

ஸ்ரீவில்லிபுத்தூரும் பொன்னியின் செல்வனில் வருகிறது. ஆழ்வார்க்கடியான் தன் சகோதரி நந்தினியைப் பற்றி முதலில் பேசும்போது, அவளை நம் ஊர் ஆண்டாளோடு ஒப்பிட்டுத்தான் பேசுகிறான். கண்ணனுக்கு என்று வளர்ந்த பெண் கிழவர் பழுவேட்டரையருக்கு மனைவியானாளே என்பது அவன் வருத்தம். கதையின் பெரிய முடிச்சுகளில் ஒன்று நம் ஆண்டாள் பெயரோடு தொடங்குவது பலருக்கு ஞாபகம் இருக்காது.

கடைசி வருஷங்கள்

பொன்னியின் செல்வன் 1950 அக்டோபர் முதல் 1954 வரை கல்கியில் தொடராக வந்தது. ஐந்து பாகம், மொத்தம் 293 அத்தியாயங்கள். இதற்கிடையே தலையங்கம், கட்டுரை, பொதுக்கூட்டம், பத்திரிகை நிர்வாகம் எல்லாம் உண்டு. வாரா வாரம் வாசகர் காத்திருப்பார்கள், அத்தியாயம் போயாக வேண்டும். இந்த ஒழுங்குதான் எனக்கு அவரிடம் மிகப் பெரிய ஆச்சரியம்.

அவரைக் குறை சொன்னவர்களும் உண்டு. மணிக்கொடி எழுத்தாளர்கள் அவர் கதைகள் கனமில்லாதவை என்றார்கள். பிறநாட்டுக் கதைகளின் தழுவல் என்று புதுமைப்பித்தன் கடுமையாகச் சாடினார். வருணனை நீளம், தற்செயல்கள் அதிகம் என்று சொல்கிறவர்கள் இன்றும் இருக்கிறார்கள். அதில் உண்மை இல்லாமல் இல்லை. ஆனால் ஐந்தாம் வகுப்புப் படித்த என் அம்மாவைப் போன்றவர்களின் கையில் புத்தகம் போய்ச் சேர்ந்ததையும் அந்தக் கணக்கின் வரவுப் பக்கத்தில் எழுத வேண்டும்.

1954 பிப்ரவரியில் நண்பர் ரசிகமணி மறைந்தார். அதே ஆண்டு டிசம்பர் 5ஆம் தேதி கல்கியும் மறைந்தார். வயது 55தான். எழுதிக்கொண்டிருந்த அமரதாரா நாவலை அவர் மகள் ஆனந்தி முடித்து வைத்தார். நாட்டுப் பிரிவினைக் காலத்தை வைத்து எழுதிய அலை ஓசை நாவலுக்குச் சாகித்திய அகாதமி விருது கிடைத்தபோது, 1956இல், வாங்கிக்கொள்ள அவர் இல்லை. நூற்றாண்டான 1999இல் தமிழக அரசு அவர் நூல்களை நாட்டுடைமை ஆக்கியது. அதனால்தான் இன்று புத்தகக் கண்காட்சியில் பல பதிப்பகங்களின் பொன்னியின் செல்வன் மலிவு விலையில் கிடைக்கிறது. சினிமாவாகவும் வந்துவிட்டது. சினிமா பார்த்துவிட்டோமே என்று இருந்துவிடாதீர்கள். திரையில் ஐந்தாறு மணி நேரத்தில் முடிந்துவிடும். வாசித்தால் ஏழெட்டு மாத மாலைகள் கிடைக்கும்.

கடைசியாக ஒரு வேண்டுகோள். நம் அசோசியேஷன் ஹாலில் உள்ள புத்தக அலமாரியில் கல்கியின் நூல்கள் இருக்கின்றன. ஞாயிறு காலை பத்து முதல் பன்னிரண்டு வரை நான் அங்கே இருப்பேன். நோட்டில் பெயரும் பிளாட் நம்பரும் எழுதிவிட்டு எடுத்துப் போகலாம். பிள்ளைகளுக்கு நீளமான நாவல் மலைப்பாக இருந்தால் பார்த்திபன் கனவில் தொடங்கச் சொல்லுங்கள். இன்னும் நல்லது, இரவு அரை மணி நேரம் டிவியை அணைத்துவிட்டு நீங்களே வாசித்துக் காட்டுங்கள். வீட்டில் ஒருவர் வாசித்தால் மற்றவர் காது தானாக அந்தப் பக்கம் திரும்பும். இதை நான் அனுபவித்தே சொல்கிறேன்.

பொன்னியின் செல்வன் மூன்றாம் பாகத்தை மட்டும் எட்டு மாதமாகக் காணோம். நோட்டில் பதிவும் இல்லை. எடுத்தவர் யார் என்று கேட்க மாட்டோம், வாட்ச்மேன் மேஜையில் வைத்துவிட்டால் போதும். கதை பாதியில் நிற்கும்போது இரண்டாம் பாகம் முடிகிறது. அதை வாசித்து முடித்த மூன்று வீட்டுக்காரர்கள் வாரா வாரம் வந்து என்னிடம் கேட்டுவிட்டுத் திரும்பிப் போகிறார்கள்.